'ஃப்ரெஷ்' என்று போடாதீர்கள், தேதியைப் போடுங்கள்

கடலுணவைப் பொதி செய்து வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கும், அவற்றை விற்கும் ஆப்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

மீன் வாங்குபவர் இதுவரை மூன்று வேலைகளைத் தாமே செய்துவந்தார். செவுளைத் தூக்கி நிறம் பார்த்தார். சதையை விரலால் அழுத்தி, விழுந்த குழி எழும்புகிறதா என்று பார்த்தார். வயிற்றுப் பக்கம் மோந்து பார்த்தார். 2020-ல் பெருந்தொற்று உணவகங்களை மூடிவைத்தபோது வீட்டுக்கே வரவழைத்துச் சமைக்கும் பழக்கம் வேகமாகப் பரவியது. உணவகங்கள் திறந்த பிறகும் அது போகவில்லை. இன்று வீட்டுக்கு வருவது பெரும்பாலும் தலையும் தோலும் முள்ளும் இல்லாத துண்டு, நெகிழியில் இறுக்கி ஒட்டிய பொதி, அல்லது உறைந்த கட்டி. அதில் செவுளுக்கு எங்கே போவது? வாங்குபவர் கையில் மிஞ்சியிருப்பது உங்கள் லேபிள் ஒன்றுதான். அந்த லேபிளில் 'ஃப்ரெஷ்', 'பிரீமியம்', 'கடலிலிருந்து நேராக' என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூடச் சமையலறையில் நின்று சரிபார்க்க முடியாது.

மீன் பதனிடும் கூடங்களிலும் தரச் சோதனையிலும் வேலை செய்பவர்கள் நாங்கள். செவுள் செய்த வேலையை உங்கள் லேபிள் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். அதற்கு என்னென்ன அச்சிட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று கீழே சொல்கிறோம்.

முதலில் பெயர். ஒரே வணிகப் பெயரில் நான்கைந்து இனங்கள் விற்கப்படுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோல் உரித்த வெள்ளைச் சதைத் துண்டில் இனத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது எங்களுக்கே கடினம். மலிவான வளர்ப்புக் கெளுத்தியை விலை உயர்ந்த கடல்மீனின் பெயரில் விற்க அதுவே வசதியாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதனிடாத மீனுக்கு வணிகப் பெயர், அறிவியல் பெயர், பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடற்பகுதி, எந்த வகை வலை அல்லது தூண்டில், முன்பு உறையவைத்து உருக்கியதா என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். 1379/2013 எண் கொண்ட ஒழுங்குமுறை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சந்தைக்கு அனுப்பும் பொதிகளில் இவ்வளவும் அச்சிடும் நிறுவனம், மற்ற இடங்களில் மட்டும் இடமில்லை என்று சொன்னால் எப்படி நம்புவது?

பிடித்ததா வளர்த்ததா என்பது சின்ன விஷயம் அல்ல. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, நீர்வாழ் விலங்குகளின் உற்பத்தியில் வளர்ப்பு, பிடிப்பை முதன்முறையாக முந்தியது 2022-ல். 1961-ல் ஆளுக்கு ஆண்டுக்கு 9.1 கிலோவாக இருந்த நுகர்வு 2022-ல் 20.7 கிலோவுக்கு வந்துவிட்டது. தட்டில் விழுவதில் பாதிக்கு மேல் வளர்ப்பு என்றால், அதைச் சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. நன்றாக வளர்த்து, அறுத்தவுடன் ஐஸில் போட்ட மீன், பிடித்துப் பல நாள் படகிலேயே கிடந்த மீனைவிட மேல்.

அடுத்தது தேதி. பொதி செய்த தேதி மட்டும் போட்டால் போதாது. மீன் கெடத் தொடங்குவது உங்கள் கூடத்தில் அல்ல, அது செத்த நிமிடத்தில். பிடித்த அல்லது அறுவடை செய்த தேதி, உறையவைத்த தேதி, உருக்கியிருந்தால் உருக்கிய தேதி ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் மறைக்கிறார்கள். உறைந்த மீனை உருக்கி, ஐஸ் மேல் பரப்பி, 'ஃப்ரெஷ்' பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். வாங்கியவர் அதில் பாதியைத் தம் பிரீசரில் வைக்கிறார். வீட்டுப் பிரீசர் மெதுவாக உறையவைக்கும். சதையிலுள்ள நீரில் பெரும்பகுதி பனியாவது மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள்தான். அந்த இடைவெளியை ஆலையின் காற்றுவீச்சு உறைவி விரைவாகக் கடந்துவிடும். வீட்டுப் பிரீசர் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பெரிய பனிப் படிகங்கள் வளர்ந்து தசைநாரைக் கிழித்துவிடும். மறுபடி உருக்கும்போது சாறெல்லாம் தட்டில் வடிந்து, வெந்த துண்டு சக்கையாக இருக்கும். தமக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். 'முன்பு உறையவைத்தது, மீண்டும் உறையவைக்க வேண்டாம்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கியிருப்பார்.

உறைந்த மீன் மட்டம், உறையாதது உசத்தி என்ற எண்ணத்தை வளர்த்ததில் உங்கள் விளம்பரங்களுக்கும் பங்கு உண்டு. பிடித்த சில மணி நேரத்தில் உறையவைத்து, மைனஸ் 18 டிகிரியில் இடைவிடாமல் வைத்திருந்த மீன், ஐந்தாறு நாள் ஐஸில் பயணம் செய்த மீனைவிடப் பல சமயம் நல்லது. இதைத் துணிந்து சொல்லுங்கள். கூடவே காலவரம்பையும் சொல்லுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள் வீட்டுப் பிரீசரில் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை பிடிக்கும். கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம் தாங்கும். இரண்டுக்கும் ஒரே 'ஓராண்டுக்குள் பயன்படுத்தவும்' என்று முத்திரை குத்துவதில் அர்த்தமில்லை.

எடைக்கு வருவோம். கோபம் அதிகம் வருவது இங்கேதான்.

உறைந்த இறாலின் மேலும் துண்டின் மேலும் மெல்லிய பனிப்பூச்சு இருக்கும். தொழிலில் கிளேசிங் என்கிறோம். அது தேவையானது. அது இல்லாவிட்டால் பிரீசரின் வறண்ட காற்று சதையின் ஈரத்தை உறிஞ்சி, ஓரங்கள் வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும். ஆனால் பத்து சதவீதத்துக்குள் இருந்தாலே அந்த வேலை நடந்துவிடும். அதற்கு மேல் போவது பாதுகாப்பு அல்ல, தண்ணீர் வியாபாரம். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரங்கள் நிகர எடையில் பனிப்பூச்சைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. ஒரு கிலோ பொதியில் 200 கிராம் பனி என்றால், வாங்குபவர் 800 கிராமுக்கு ஒரு கிலோவின் விலையைக் கொடுக்கிறார். அதாவது உண்மை விலை இருபது அல்ல, இருபத்தைந்து சதவீதம் கூடுதல். இதை எவரும் வீட்டிலேயே அளக்கலாம். உறைந்த நிலையில் எடை போடுங்கள். சல்லடையில் வைத்து, மென்மையாக விழும் குளிர்ந்த குழாய்நீரில், மேற்பனி கரைந்து விரலுக்குச் சதை தட்டுப்படும்வரை மட்டும் காட்டுங்கள். உள்ளே உருகக் கூடாது. நீரை வடித்து, துணியால் ஒற்றி, உடனே மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் பனி. உங்கள் வாடிக்கையாளர்கள் இதைச் செய்யத் தொடங்குவதற்கு முன் நீங்களே லேபிளில் இரண்டு எண்களையும் போட்டுவிடுவது கௌரவம்.

வெளியே தெரியாத தண்ணீரும் உண்டு. இறாலையும் துண்டுகளையும் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தால் புரதம் நீரைப் பிடித்துக்கொள்ளும். அளவோடு செய்தால் உருகும்போது சாறு வடிவது குறையும். அளவு மீறினால் இறால் கண்ணாடிபோல் மினுமினுத்து வழுக்கும். சட்டியில் போட்டதும் வெண்மையான நீர் கசியும். எவ்வளவு சூடாக்கினாலும் பொன்னிறமாக வறுபடாது. நீர் முழுவதும் வற்றினால்தானே வறுபடும்! பயன்படுத்தியிருந்தால் 451 போன்ற சேர்க்கைப்பொருள் எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். 'நீர் பிடிக்கப் பாஸ்பேட் சேர்த்தது' என்று எழுதுங்கள். இறாலின் ஓடு கருக்காமலிருக்கச் சேர்க்கும் சோடியம் மெட்டாபைசல்பைட்டும் அப்படித்தான். சமைக்காத இறாலின் உண்ணும் பகுதியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம், வேகவைத்ததில் 30 மில்லிகிராம் என்று கோடெக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைட் மூச்சுத்திணறலைக் கிளப்பும். அதன் எண்ணான 223 அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது.

இறாலின் அளவை 'பெரியது', 'ஜம்போ' என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். தொழிலில் நாம் கவுண்ட் சொல்கிறோம். 21/25 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 21 முதல் 25 வரை. கிலோவுக்கு ஏறக்குறைய 46 முதல் 55. வீட்டில் சமைப்பவருக்கு இந்த எண் இரண்டு வகையில் உதவும். ஆளுக்கு எத்தனை என்று கணக்குப் போடலாம், எவ்வளவு நேரம் சட்டியில் வைக்கலாம் என்று தீர்மானிக்கலாம். தலையோடு உள்ள இறால் ஒரு கிலோ வாங்கினால், தலையும் ஓடும் குடலும் போய்க் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. முழு மீனில் முள்ளில்லாத துண்டாக மிஞ்சுவதும் பல இனங்களில் பாதிக்குக் குறைவுதான். சுத்தம் செய்யும் முன் எடை, செய்த பின் எடை இரண்டையும் ஆப்பில் காட்டினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இனி, உயிரைப் பாதிக்கக்கூடிய சில.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் போதாமல் சூடேறினால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, உடல் அரிக்கும். ஒவ்வாமை என்று நினைத்து, சாப்பிட்டவர் ஆயுளுக்கும் மீனையே விட்டுவிடக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால், உருவான ஹிஸ்டமினைப் பொரிப்பதோ வேகவைப்பதோ டின்னில் அடைத்துக் கொதிக்கவைப்பதோ அழிக்காது. உறையவைத்தாலும் போகாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், நாற்றமும் வராமல் இருக்கலாம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது கோடெக்ஸ் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு. இதைத் தடுக்க ஒரே இடம்தான் உண்டு. பிடித்த நிமிடம் முதல் வீட்டு வாசல்வரை உள்ள குளிர்ச்சங்கிலி. அது வாங்குபவர் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

அந்தச் சங்கிலி அறுவது பெரும்பாலும் கடைசிப் பயணத்தில். மீன் கெடும் வேகம் 0 டிகிரியைவிட 5 டிகிரியில் இரண்டேகால் மடங்கு, 10 டிகிரியில் நான்கு மடங்கு. ஐஸில் ஒரு நாளில் இழக்கும் தரத்தை, 10 டிகிரிப் பெட்டியில் ஆறு மணி நேரத்தில் இழந்துவிடும். அறைவெப்பத்தில் வெட்டிய ஒரு கிலோ மீனை 25 டிகிரியிலிருந்து 0-க்கு இறக்கவே ஏறக்குறைய கால் கிலோ ஐஸ் முழுக்க உருக வேண்டும். பெட்டியின் சுவர் வழியாக வரும் வெப்பம் தனிக்கணக்கு. மேலே ஒரே ஒரு ஜெல் பொதியை வைத்துவிட்டு, அதுவே மீனைக் குளிரவைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்கு ஒத்துவராது. மீன் 0 டிகிரிக்கு வந்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டியின் வேலை குளிரைக் காப்பது, உண்டாக்குவது அல்ல. ஜெல் பொதியைக் கீழேயும் மேலேயும் வையுங்கள். உள்ளே வெப்பம் கூடினால் நிறம் மாறி, திரும்ப மாறாத ஒட்டுச்சீட்டு ஒன்றை ஒட்டுங்கள். அதைவிட நேர்மையான விளம்பரம் கிடையாது.

காற்றை உறிஞ்சி ஒட்டிய வேக்கம் பொதி இப்போது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பார்க்க அழகு, கசிவு இல்லை. ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். அதில் மீனோடு தொடர்புடைய ஒரு வகை, 3 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல வளரக்கூடியது. வீட்டு பிரிட்ஜ் பெரும்பாலும் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. சாதாரணமாகக் கெட்டுப்போகும் மீனாவது நாற்றமடித்து எச்சரிக்கும், காற்றில்லாப் பொதியில் நாற்றத்துக்கு முன்பே நஞ்சு வந்துவிடலாம். ஆகவே உறைந்த வேக்கம் பொதியின் முன்பக்கத்திலேயே எழுதுங்கள்: 'உருக்கும் முன் பொதியை வெட்டித் திறக்கவும்.' திறந்து, மீனை ஒரு தட்டில் வைத்து, தளர மூடி, பிரிட்ஜின் அடித்தட்டில் இரவு முழுக்க விட்டால் அரைக் கிலோ உருகிவிடும். அவசரம் என்றால் பொதியிலிருந்து எடுத்து, கசியாத வேறொரு பையில் போட்டு, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கொரு முறை நீரை மாற்றினால் ஒரு மணி நேரம் போதும், உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் உருகவிடுவது வேண்டவே வேண்டாம். வெளிச்சதை சூடேறிக் கெடத் தொடங்கும்போதும் நடுவில் பனி இருக்கும்.

பச்சையாகச் சாப்பிடும் மோகம் வீடுகளுக்குள் வந்துவிட்டதால், 'சூஷி கிரேடு' என்ற சொல்லும் உங்கள் பட்டியல்களுக்கு வந்துவிட்டது. அதற்குச் சட்டப்படி வரையறை எதுவும் கிடையாது. ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்ல எவ்வளவு குளிரில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதற்குத்தான் வரையறை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் அல்லது மைனஸ் 35-ல் 15 மணி நேரம் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மைனஸ் 20-ல் ஏழு நாள் என்கிறது. மைனஸ் 18 எட்டவே தடுமாறும் வீட்டுப் பிரீசர் இதற்குப் பற்றாது. எலுமிச்சைச் சாறும் உப்பும் அனிசாகிஸ் புழுவை நம்பத்தகுந்த முறையில் கொல்வதில்லை. எனவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'மைனஸ் 20-ல் இத்தனை மணி நேரம் உறையவைத்தது' என்று தேதியோடு போடுங்கள். போட முடியாதவர்கள் 'சமைத்தே உண்ணவும்' என்று போடுங்கள். புழு செத்தாலும் பாக்டீரியா சாகாது என்பதையும் மறைக்காதீர்கள். இதே வரிசையில் ஒன்று: கார்பன் மோனாக்சைடு ஏற்றிய சூரைத் துண்டு, கெட்டுப்போன பிறகும் செர்ரிச் சிவப்பாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதை அனுமதிப்பதில்லை. அனுமதி உள்ள இடத்திலும் சொல்லிவிட்டு விற்பதே முறை.

மசாலா தடவி, சமைக்கத் தயாராக வரும் பொதிகளில் எங்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இரண்டாம் நாள் மீனை மூன்றாம் நாள் மசாலாவில் புரட்டினால் மூக்குக்குத் தெரியாது. மசாலா தடவிய தேதி வேண்டாம், மீன் வெட்டிய தேதியைப் போடுங்கள். எடையில் மசாலா எவ்வளவு என்றும் போடுங்கள். புளிப்பு மிகுந்த கலவை சதையின் மேற்பரப்பை வேகவைத்ததுபோல் ஆக்கும். அதில் ஒரு நாள் ஊறிய துண்டு உதிர்ந்துபோவதில் வியப்பில்லை. சமைக்கும் குறிப்பில் '10 நிமிடம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். தடிமனைச் சொல்லுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கு 220 டிகிரி அடுப்பில் ஏறக்குறைய பத்து நிமிடம், உறைந்தபடியே வைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டால் போதும்.

டின் மீனுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. நல்லதுதான். எண்ணெயை வடித்த பின் உள்ள எடையைப் பெரிதாகப் போடுங்கள், வேறெதுவும் கேட்கவில்லை.

உயிரோடு அனுப்பும் மட்டியையும் சிப்பியையும் காற்றுப் புகாத பையில் கட்டாதீர்கள். மூச்சுத் திணறிச் செத்துவிடும், செத்த சிப்பி விரைவில் நஞ்சாகும். நல்ல தண்ணீரில் போட்டு வைக்கவும் சொல்லாதீர்கள், உப்பில்லாத நீரும் அதைக் கொல்லும். ஈரத்துணி மூடிய வலைப்பை போதும். தட்டினால் ஓடு மூடாதவற்றையும் உடைந்தவற்றையும் சமைக்கும் முன்பே எறிந்துவிடவும் என்று உள்ளே ஒரு சீட்டு வையுங்கள்.

சுறா, வாள்மீன், பெருங்கண் சூரை போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருவுற்றவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும், பாதரசம் குறைந்த மீன்களை வாரத்துக்கு ஏறக்குறைய 225 முதல் 340 கிராம் உண்ணலாம் என்று அமெரிக்க அரசு நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே அச்சிடுங்கள். முதல் பாதியை மட்டும் படிப்பவர் மீனையே ஒதுக்கிவிடுவார்.

கடைசியாக, உங்கள் புகார்ப் பிரிவு. மீன் சாப்பிட்டு முகம் சிவந்தது, நாக்கு எரிந்தது என்று ஒருவர் எழுதினால், பணத்தைத் திருப்பிவிட்டு உரையாடலை மூடுவதுதான் இப்போதைய வழக்கம். பணம் இருக்கட்டும். முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே. சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேளுங்கள். ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் ஒவ்வாமையைவிட ஹிஸ்டமினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மிச்சத்தைத் தூக்கி எறியாமல் பிரீசரில் வைக்கச் சொல்லுங்கள். உறைந்த நிலையில் பாக்டீரியா வேலை செய்யாது, எனவே ஆய்வகத்தில் கிடைக்கும் அளவு தட்டில் இருந்த அளவுக்கு நெருக்கமாக இருக்கும். பொதியின் தொகுதி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண்ணில் இன்னும் அனுப்பாமல் இருக்கும் பொதிகளைச் சோதனை முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அன்றைக்கே செய்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மீன் பதனிடும் கூடங்களிலும் தரச் சோதனையிலும் பணிபுரியும் சிலர்